மயக்க டாக்டரின் வண்டி

வண்டி பார்க்கப் போன அன்று பொம்மியும் கூடப் போனாள். பேரம் பேசுவதற்குத்தான். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தும் வாத்தியார். யார் என்ன விலை சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்கிற ரகம். பொம்மி அப்படியில்லை. சோபாவுக்கு உறை, ஜன்னலுக்குத் திரை என்று தைத்துக் கடை நடத்துகிறவள். துணி மொத்த வியாபாரிகளே அவள் படியேறுவதைப் பார்த்தால் பெருமூச்சு விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். பொம்மி என்பது பாப்பாவாக இருந்தபோது யாரோ கொஞ்சிக் கூப்பிட்ட பேர். ஆள் வளர்ந்து, குரல் வளர்ந்து, கடை வளர்ந்த பிறகும் பேர் மட்டும் வளராமல் அப்படியே நின்றுவிட்டது.

வாத்தியாருக்கு வெகுநாளாக ஓர் ஆசை. ஓட்டை உடைசலாக ஒரு வண்டி வாங்க வேண்டும், அதைத் தன் கையாலேயே கழற்றிப் பூட்டி ஓட வைக்க வேண்டும். அதுவும் ஏதோ ஒரு வண்டி என்றால் ஆகாது. வெளியே பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற சின்ன வண்டி போல இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கதவு, பின்னால் மேலே தூக்கித் திறக்கிற கதவு ஒன்று. உள்ளே மட்டும் அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத எஞ்சின், அதற்குக் காற்றை அழுத்தி ஊதும் டர்போ, பந்தய வண்டியின் வேகம். மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போய் வீடு வெறிச்சென்று ஆன பிறகு இந்த ஆசை முற்றிவிட்டது. சாப்பிடும்போதும் போனில் வண்டிப் படம். பொம்மியே ஒருநாள் அலுத்துப்போய், "வாங்கித் தொலைங்க. தூக்கத்துல கியர் மாத்தறீங்க, என் கால்ல இடிக்குது" என்றாள்.

விற்கிறவர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என்று வாத்தியார் வழியில் சொல்லியிருந்தார். பெண் என்று சொல்லவில்லை. கேட்டைத் திறந்தவளைப் பார்த்ததும் பொம்மி தன் தலையில் ஒட்டியிருந்த நூல் பிசிரைத் தட்டிவிட்டுக்கொண்டாள். டாக்டருக்கு ஏறக்குறைய பொம்மியின் வயதுதான். ஒல்லி. கழுத்தோடு கத்தரித்த முடி, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, காலில் செருப்பில்லை.

ஷெட்டில் தார்ப்பாயை உருவியதும் வண்டி தெரிந்தது. இங்க் நீலம். முன்பக்கம் ஒரு மூலை நசுங்கியிருந்தது. டயர்கள் காற்றுப் போய்ச் சப்பையாகக் கிடந்தன. ஒருநாள் எஞ்சின் சூடேறி, அதன் தலைக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் தகடு போய்விட்டதாம். அதைப் பார்ப்பதற்குள் டாக்டரின் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதோடு சக்கர நாற்காலி வந்தது, நாற்காலி ஏறுகிற மாதிரி பெரிய வண்டி ஒன்றும் வந்தது, இது மூலைக்குப் போய்விட்டது. "இதுல அம்மாவை ஏத்தணும்னா மடிச்சுத்தான் ஏத்தணும்" என்றாள் டாக்டர்.

பொம்மி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். நசுங்கலைத் தொட்டுக் காட்டினாள், டயரைக் காலால் நெட்டினாள், சீட்டுத் துணி கிழிந்திருப்பதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். டாக்டரின் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை என்ன பண்ணப்போறீங்க? பிரிச்சு விக்கவா, ஓட்டவா?"

வாத்தியார், "ஓட்டத்தான்" என்றார். பிறகு நிறுத்தவே இல்லை. எதை முதலில் கழற்றுவார், எந்தக் குழாயை மாற்றுவார், துருவை எப்படி எடுப்பார் என்று சொல்லிக்கொண்டே போனார். வீட்டில் ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று அளந்துவைத்தது போலப் பேசுகிற மனுஷன். கொஞ்ச நேரத்தில் இருவரும் பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டார்கள். பொம்மிக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு முதுகுகள். கடைசியில் டாக்டர் நிமிர்ந்து, தானாகவே விலையைக் குறைத்துச் சொன்னாள். பேரம் பேச வந்தவளுக்கு வேலையே இல்லாமல் போனது. அதுதான் முதலில் சுருக்கென்று குத்தியது.

சாவியைக் கொடுத்தபோது டாக்டர் ஒரு விஷயம் சொன்னாள். ரிவர்ஸ் கியர் சில நாள் அடம் பிடிக்கும், அப்போது செகண்டைத் தொட்டுவிட்டு வந்தால் விழுந்துவிடும் என்று. திரும்பி வரும் வழியெல்லாம் வாத்தியார் அதையே சொல்லிச் சொல்லி வியந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாடியில் குடியிருக்கும் நாத்தனார் இறங்கி வந்து, விற்றவர் யார் என்று விசாரித்தாள். தபாலாபீஸில் கவுண்டரில் உட்காருகிறவள். ஊர்க்கதையை முத்திரை குத்தி அனுப்பாமல் அவளுக்குப் பொழுது போகாது. மயக்க மருந்து டாக்டர் என்று பொம்மி சொன்னதும் நாத்தனார் கண்ணைச் சிமிட்டினாள்.

"மயக்க டாக்டரா? அப்ப மயக்கத்தான் செய்வா, அண்ணி."

பொம்மியும் சேர்ந்து சிரித்தாள். அந்தப் பேர் அன்றோடு நிலைத்துவிட்டது.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிறுத்தினார்கள். வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவார். எஞ்சினின் தலையைக் கழற்றி, பழைய போர்வை ஒன்றை விரித்து, ஒவ்வொரு போல்ட்டையும் பல் விளக்குகிற பிரஷ்ஷால் தேய்த்து வரிசையாக வைத்தார். முதல் சில நாள் பொம்மி காபியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலில் நின்று பார்த்தாள். கறுப்புக் கையோடு அவர் நிமிர்ந்து சிரிக்கும்போது, கல்யாணமான புதிதில் இருந்த ஆள் எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டு எட்டிப் பார்ப்பது போல இருந்தது. அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

போன் 'டிங்' என்று அடிக்க ஆரம்பித்த பிறகுதான் சனி பிடித்தது.

டாக்டர் மெசேஜ் அனுப்புவாள். டர்போவுக்குப் போகிற குழாயின் கிளிப் லூசாக இருக்கும், பார்த்தீர்களா? இடதுபக்க விளக்கில் தண்ணீர் இறங்கும், கவனித்தீர்களா? அந்தக் கேஸ்கெட்டை எங்கே வாங்கினீர்கள், போட்டோ அனுப்புங்கள். வாத்தியார் கையைத் துடைத்துக்கொண்டு ஒற்றை விரலால் பதில் அடிப்பார். நீளமாக அடிப்பார். "இன்னைக்கு வர லேட்டாகும்" என்பதைப் பொம்மிக்கு "லேட்" என்று அனுப்புகிற ஆள், அங்கே பத்தி பிரித்து எழுதினார். சாப்பிட உட்கார்ந்தால் எல்லாப் பேச்சும் "டாக்டர் சொன்னாங்க" என்றுதான் ஆரம்பிக்கும். உப்புக் குறைவாக இருக்கிறது என்பதைக்கூட டாக்டர் சொல்லித்தான் இவர் சொல்வாரோ என்று பொம்மிக்குத் தோன்றியது.

கடையில் உட்கார்ந்து திரைத் துணிக்கு மடிப்பு வைக்கும்போதும் அதே நினைப்புத்தான். ஒல்லி இடுப்பு. மடித்துவிட்ட சட்டைக் கை. செருப்பில்லாத கால். தப்பாக ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வாத்தியாரின் போனை அவர் குளிக்கும்போது எடுத்துப் பார்த்தும்விட்டாள். ஒன்றுவிடாமல் எல்லாம் வண்டிதான். ஒரு கொஞ்சல் வார்த்தை இருந்திருந்தாலாவது நேராகச் சண்டை போட்டிருக்கலாம். ரேடியேட்டரைப் பற்றிப் பேசியதற்கு எந்தப் பெண்டாட்டி சண்டை போட முடியும்? அந்தக் கொதிப்பை வெளியே விடவும் வழியில்லாமல், விழுங்கவும் முடியாமல் புழுங்கினாள். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது.

நாத்தனார் சும்மா இருக்கவில்லை. அண்ணன் ஷெட்டுக்குப் போகும்போது தலை வாரிக்கொண்டு போகிறான், கவனித்தாயா என்று கேட்டாள். பொம்மி, அவருக்கு வார என்ன இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தாள். அன்று சாயங்காலம் மறைந்து நின்று கவனித்தாள். வாரவில்லை. ஆனாலும் கவனிக்க வைத்துவிட்டாளே என்று நாத்தனார் மீதும் எரிச்சல் வந்தது.

பிறகு சீட்டு வேலை வந்தது. துணி தைக்கிறவள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியில் எதற்குக் கொடுப்பானேன் என்று வாத்தியார் சொன்னது நியாயம்தான். ஆனால் துணியை அவள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. சாம்பல் நிறத்தில் மெல்லிய சிவப்புக் கோடு போட்ட அசல் துணி டாக்டர் வீட்டில் ஒரு சுருள் பத்திரமாக இருந்ததாம். ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தாள். பொம்மி அதைக் கையில் உருட்டிப் பார்த்தாள். நல்ல துணி. அதுவும் பிடிக்கவில்லை.

ஓட்டுகிறவர் சீட்டின் பழைய உறையைப் பிரித்தபோது உள்ளே ஸ்பான்ஜ் தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருந்தது. வருஷக்கணக்காக ஒரே ஆள் உட்கார்ந்து, இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து விழுந்த பள்ளம். இடுப்பின் அளவு, தொடையின் அளவு, எல்லாம் அச்சு எடுத்த மாதிரி இருந்தது. ஆயிரம் சோபா பிரித்தவள் பொம்மி. யார் எப்படி உட்காருவார்கள் என்பது ஸ்பான்ஜைப் பார்த்தாலே தெரியும். இந்தப் பள்ளத்தில்தான் இனி தன் வீட்டுக்காரர் உட்காரப்போகிறார் என்று நினைத்ததும் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். வேண்டியதற்கு மேலேயே வெட்டினாள். குப்பை வண்டி வருகிற நேரம் பார்த்து வெளியே வைத்தாள். கடையில் இருந்த நல்ல கெட்டி ஸ்பான்ஜை அளவெடுத்துச் செதுக்கி வைத்து, மேலே உறையைத் தைத்து மூடினாள். தையல் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. பொறாமையிலும் அவளுக்குக் கோணல் தையல் வராது.

வாத்தியார் உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"பழைய ஸ்பான்ஜ் எங்க?"

"போட்டாச்சு."

"அது அந்த சீட்டுக்குன்னே வார்த்த ஸ்பான்ஜ் பொம்மி. இனிமே கிடைக்காது. டாக்டர்கிட்ட நான் என்ன சொல்றது?"

வேறு என்ன சொல்லியிருந்தாலும் பொம்மி பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பாள். இதற்கு ஊசி டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு வார்த்தை "சாப்பாடு இருக்கு", "கதவைச் சாத்துங்க" என்பதோடு நின்றது. வாத்தியார் அதைக் கவனித்தாரா என்றுகூடச் சொல்ல முடியாது. எஞ்சினின் தலையை மறுபடி பூட்டுகிற கட்டத்தில் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல். பொம்மி கடையில் ஒரு வாடிக்கையாளரின் திரைத் துணிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல், அப்புறம் ஓர் உறுமல், அப்புறம் அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரே சீரான முணுமுணுப்பு. இதுவரை கேட்டதில்லை என்றாலும் அது எந்த வண்டி என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. அத்தனை கோபத்தையும் மீறி நெஞ்சு பொங்கியது. ஓடிவிட்டது, அந்த மனுஷன் தனி ஆளாக ஓட வைத்துவிட்டார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே, வாடிக்கையாளரை உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். கடைசிக் கொஞ்ச தூரம் ஓடினாள் என்றுகூடச் சொல்லலாம்.

ஷெட் வாசலில் நின்றாள். வண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் பின்னால் மண்டியிட்டிருந்தார். ஒரு கையில் போன். அதைச் சைலன்சருக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்திருந்தார். "கேக்குதுங்களா? கேக்குதா டாக்டர்?" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர்.

பொம்மி வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது. அவள் கடைக்குத் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து அளவு எடுத்தாள். தப்பாக எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை வாத்தியார் பள்ளிக்கூடம் போனதும் பொம்மி கடையைத் திறக்கவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். துணி ஏற்றும் வேனைத் தினம் ஓட்டுகிறவள் என்பதால் வண்டி அவளுக்குப் புதிதில்லை. வண்டியை ஷெட்டிலிருந்து பின்னால் எடுக்க வேண்டும். ரிவர்ஸ் விழவில்லை. இரண்டு தடவை முயன்றாள், கரகரவென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு செகண்டைத் தொட்டுவிட்டு வந்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. இதிலும் அவள் சொன்னதுதான் சரியா என்று பொம்மிக்கு மேலும் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் வீடு நகரத்தின் மறுகோடியில், புறவழிச் சாலையைத் தாண்டி. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. தாண்டலாம் என்று வேனை அழுத்துகிற மாதிரி அழுத்தினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வண்டி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது போல ஒரு கணம். அப்புறம் யாரோ தோளைப் பிடித்துச் சீட்டோடு அறைந்தார்கள். லாரி பக்கவாட்டில் வந்தது, காணாமல் போனது. பொம்மி காலை எடுத்துவிட்டு ஓரத்தில் நிறுத்தினாள். பயம்தான். ஆனால் வாய் மட்டும் ஏன் இளித்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, வந்த காரியத்தை நினைத்து, முகத்தை மறுபடி இறுக்கிக்கொண்டாள்.

பொம்மி அந்தத் தெருவுக்குள் திரும்பியபோதே டாக்டர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். நைட் டூட்டி முடித்த கசங்கல் முகம், ஈரத் தலை, வெறுங்கால். பொம்மி இறங்கினாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள்.

"வண்டியை விட்டுட்டுப் போலாம்னு வந்தேன். எங்க வீட்டுல மூணு பேருக்கு எடமில்ல."

டாக்டர் விழித்தாள். "எந்த மூணு பேர்?"

"அவரு, நானு, நீங்க."

டாக்டருக்கு இது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை அவள் கண் வண்டியின் முன்மூலையிலேயே இருந்தது; நசுங்கல் நிமிர்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பொம்மியைப் பார்த்தாள்.

"அவருன்னா, உங்க வீட்டுக்காரரா?" என்றாள். "தப்பா நெனைக்காதீங்க. அவர் தெருவுல எதிர்ல வந்தா எனக்கு அடையாளம் தெரியாது." போனை எடுத்துக் காட்டினாள். வாத்தியாரின் நம்பருக்கு நேரே 'வண்டி' என்று இருந்தது. பேர்கூட இல்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். மாதக்கணக்காகத் தன் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியவளுக்குத் தன் வீட்டுக்காரரின் முகம்கூட ஞாபகமில்லையாமே. அந்த மனுஷன் பத்தி பிரித்து எழுதினாரே. அப்படியொன்றும் மறந்துவிடுகிற முகமில்லை அவருக்கு.

டாக்டர் கேட்டில் சாய்ந்துகொண்டு, எங்கோ பார்த்தபடி பேசினாள்.

"வித்தது நான்தான். யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா டூட்டி முடிஞ்சு வந்து அந்தக் காலி ஷெட்டைப் பாத்தா வயிறு எரியுது. நீங்க ரெண்டு பேரும் அதுல ஜோடியா ஏறிப் போவீங்கன்னு நெனச்சா சாப்பாடு எறங்கல. அதான் நச்சு நச்சுன்னு மெசேஜ் போட்டுட்டே இருந்தேன். உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

ஜோடியா என்ற வார்த்தை பொம்மியை என்னவோ செய்தது. அந்த வண்டியில் அவளும் வாத்தியாரும் ஜோடியாக இதுவரை தெருமுனைக்குக்கூடப் போனதில்லை. இங்கே ஒருத்தி அதைக் கற்பனை பண்ணிப் பண்ணிப் புழுங்கியிருக்கிறாள். வீட்டுக்குள்ளிருந்து சக்கர நாற்காலி ஒன்று ஜன்னலுக்கு வந்தது. டாக்டரின் அம்மா எட்டிப் பார்த்து, "அந்தச் சனியன் திரும்பி வந்துடுச்சா?" என்றார். பொம்மிக்குத் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று ஒரு கணம் திக்கென்றது.

டாக்டர் தயங்கித் தயங்கி, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். பொம்மி சாவியை நீட்டினாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் சொல்லிவிட்டு டாக்டர் ஏறினாள். சீட்டில் இப்படியும் அப்படியும் அசைந்தாள்.

"ஸ்பான்ஜ் மாத்தியிருக்கீங்களா?"

"மாத்தினேன்" என்றாள் பொம்மி, வருவது வரட்டும் என்று.

"நல்லாருக்கு. பழசுல எனக்கு இடுப்பு போயிடும்."

நகரத்துக்கு வெளியே நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஏறுகிற சாலைக்கு வண்டியைக் கொண்டுபோனாள் டாக்டர். அங்கே போக்குவரத்து கிடையாது. வளைவுக்கு மேல் வளைவு. வேகமாகப் போனாள் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எங்கேயும் வண்டியை உலுக்கவில்லை, திடுக்கென்று நிறுத்தவில்லை. வளைவுக்கு முன்னால் ஒரு தட்டு, கியர் இறங்கும் ஒரு சின்ன உறுமல், ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் அலட்டிக்கொள்ளாமல் திரும்பும், வண்டி வளைவை வாரிக்கொண்டு வெளியே வரும். பொம்மி அந்தக் கைகளையே பார்த்தாள். தானும் இத்தனை வருஷமாக வேன் ஓட்டுகிறாளே, அது ஓட்டுவதில்லை, தள்ளிக்கொண்டு போவது என்று தெரிந்தது. ஒல்லி இடுப்பும் மடித்த சட்டைக் கையும் இப்போது அவளுக்கு ஒரு பொருட்டாக இல்லை. ஆனால் பொறாமை போகவில்லை. இன்னும் பெரிதாகி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இது வீட்டுக்காரருக்காக வந்த பொறாமையே இல்லை. அந்தக் கை தனக்கு வேண்டும்.

மேலே போய்த் திருப்பியதும் பொம்மி வாயைத் திறந்தாள். "அந்த ரெண்டாவது வளைவை மறுபடி எடுங்க. கால் என்ன பண்ணுதுன்னு பாக்கணும்."

மூன்று தடவை எடுத்துக் காட்டினாள் டாக்டர். நான்காவது தடவை இடம் மாறி உட்கார்ந்தார்கள். பொம்மி எடுத்த வளைவில் வண்டி குலுங்கி, அணைந்து, நின்றது. டாக்டர் சிரிக்கவில்லை. ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பவரிடம் பேசுகிற குரலில், மூச்சை விடுங்க, தோளை இறக்குங்க என்றாள். அந்தக் குரலுக்கு யாரும் மயங்கித்தான் போவார்கள் என்று பொம்மி நினைத்துக்கொண்டாள்.

பொம்மி வீட்டுக்குத் திரும்பியபோது வாத்தியார் காலி ஷெட்டில் ஒரு பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தார். மதியமே வந்துவிட்டாராம். கடை பூட்டியிருந்தது, வண்டியைக் காணவில்லை, சாவியைக் காணவில்லை, பெண்டாட்டியையும் காணவில்லை. நாத்தனார் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். பொம்மி ஒரு பார்வை பார்த்ததும் அவள் மேலே போய்விட்டாள்.

எங்கே போனாய் என்று வாத்தியார் கேட்டார். பொம்மி மறைக்கவில்லை. டாக்டர் வீட்டுக்கு, வண்டியைத் திருப்பிக் கொடுக்க என்றாள். சனிக்கிழமை தான் ஓடி வந்ததையும், அளவு நாடாவோடு வாசலில் நின்றதையும் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

"மொதல் சத்தம் எனக்குக் கேட்டிருக்கணும்" என்றாள். "போன்ல இல்ல. பக்கத்துல நின்னு."

வாத்தியார் கையைப் பிசைந்தார். "உனக்கு இந்த வண்டியெல்லாம் பிடிக்காதுன்னு நெனச்சேன்."

"பிடிக்குமான்னு யாரு கேட்டா?"

வாத்தியார் இருட்டுகிற வரைக்கும் ஷெட்டை விட்டு வரவில்லை. பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, எஞ்சினில் ஒரு சின்னச் சீறல் சத்தம் கேட்கிறது, உனக்கும் கேட்டதா என்று கேட்டார். கேட்டது என்றாள் பொம்மி. எப்போது கேட்டது, மேடு ஏறும்போதா, சமதரையிலா என்றார். மேட்டில், மூன்றாவது கியரில் என்றாள். இருவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். டர்போ குழாயின் கிளிப் லூசாக இருந்தது. அதை டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தாள் என்பதை வாத்தியார் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். பொம்மி டார்ச்சை அசையாமல் பிடித்தாள்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை காலையில் பொம்மி வண்டியை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. இருவரும் நீர்த்தேக்கச் சாலைக்குப் போவார்கள். மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பொம்மியின் கை தேறியது. ஆனாலும் அந்த இரண்டாவது வளைவை டாக்டர் எடுக்கிற மாதிரி அவளுக்கு இன்றைக்கும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வயிற்றில் அந்தப் பழைய காந்தல் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போகும். அவள் அதைத் துரத்தவில்லை. அது இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் யார் எழுந்திருப்பது?

வாத்தியார்தான் பாவம். வண்டியில் ரிப்பேர் செய்ய இனி எதுவும் மிச்சமில்லை. இருந்த போல்ட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். பொம்மியின் போன் 'டிங்' என்றால் நிமிர்ந்து பார்ப்பார். எங்கே போனீர்கள், என்ன பேசினீர்கள், டாக்டர் எஞ்சினைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்பார். பெண்கள் பேச்சு என்று பொம்மி முடித்துவிடுவாள். ஒருநாள் நாத்தனார், "அண்ணனுக்கு மூஞ்சி ஏன் இப்படிச் சுருங்கிக் கெடக்கு?" என்று கேட்டபோது, அது வண்டிப் புகை என்றாள் பொம்மி.

கடைசியில் அவரே வாய்விட்டுக் கேட்டார், தானும் வரட்டுமா என்று. பொம்மி யோசிப்பது போலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். முன்சீட்டை மடித்துவிட்டு, அந்த மூன்று கதவு வண்டியின் பின்னால் வாத்தியார் தலையைக் குனிந்து, காலைச் சுருட்டி, முழங்கால் மோவாயில் இடிக்க ஏறி உட்கார்ந்தார். வழியில் டாக்டர் ஏறிக்கொண்டாள். இவர்தான் என் வீட்டுக்காரர், ஒரு தடவை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று பொம்மி அறிமுகப்படுத்தினாள். டாக்டர் திரும்பி, மரியாதையாக அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். வாத்தியாருக்குக் காது வரைக்கும் சிவந்தது. பொம்மி அதையும் கண்ணாடியில் பார்த்தாள், சும்மா விட்டாள்.

மேட்டில் ஏற ஆரம்பித்ததும் முன்னால் இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எஞ்சின் சத்தத்தில் பின்னால் எதுவும் கேட்கவில்லை.

"என்ன சொன்னாங்க? என்ன பொம்மி?" என்று வாத்தியார் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினார்.

பொம்மி கியரை ஒன்று இறக்கி, காலை அழுத்தினாள். வாத்தியார் பின்சீட்டோடு போய் ஒட்டிக்கொண்டார்.